வியர்க்காத பிள்ளை

கடலூர் பஸ் ஸ்டாண்டில் இன்று மத்தியானம் ஒரு அம்மா பாட்டில் தண்ணீரை மகனின் சட்டை மேல் அப்படியே ஊற்றினார்.

"சளி பிடிக்கப் போவுதும்மா" என்று பதறினார் பூக்காரப் பாட்டி.

"இவனுக்கு வேர்க்காது பாட்டி, நனைக்கலைன்னா உடம்பு கொதிச்சிடும்."

பையன் சிரித்தான். வாயில் சில பற்கள்தான், அதுவும் முனை கூர்ந்து. தலையில் மெல்லிய முடி, கண்ணைச் சுற்றிக் கருத்துச் சுருங்கிய தோல்.

இதற்குப் பெயர் எக்டோடெர்மல் டிஸ்பிளேசியா என்று அந்த அம்மாவே சொன்னார். பிறவியிலேயே வரும் அரிய மரபணுக் கோளாறு. தோலும் முடியும் பல்லும் வியர்வைச் சுரப்பியும் கருவில் ஒரே படலத்திலிருந்து உருவாவதால், அங்கே கோளாறு வந்தால் இவை சேர்ந்தே பாதிக்கப்படும்.

வியர்வை குறைந்த வகையில் பெரும்பாலும் எக்ஸ் குரோமோசோமில் உள்ள மரபணுதான் காரணம், ஆண்களுக்கு அந்தக் குரோமோசோம் ஒன்றுதான் என்பதால் ஆண்பிள்ளைகளுக்குக் கடுமையாக இருக்கும், இரண்டு உள்ள தாய்க்கோ ஒன்றிரண்டு பல் முளைக்காததோடு போய்விடலாம். சிந்துப் பகுதியில் ஒரே குடும்பத்தில் 4 தலைமுறைகளாக 10 ஆண்கள் இப்படி இருந்ததை 1875-இலேயே சார்லஸ் டார்வின் எழுதியிருக்கிறார்.

இவனுக்குக் கைக்குழந்தையாக இருந்தபோது அடிக்கடி காய்ச்சல். மருந்து மாற்றி மருந்து கொடுத்தார்களாம். அந்த அலைச்சலைக் கேட்கவே நெஞ்சு வலித்தது.

வெயில் காலத்தில் காரணமே தெரியாமல் குழந்தைக்குக் காய்ச்சல் திரும்பத் திரும்ப வந்தால், வியர்க்கிறதா, பல் முளைக்கிறதா என்று பார்த்து டாக்டரிடம் சொல்லுங்கள். அப்புறம் டீச்சர்களே, இப்படி ஒரு பிள்ளை உங்கள் வகுப்பில் இருந்தால் ஃபேனுக்குக் கீழே உட்கார வையுங்கள், சட்டையை நனைத்துக்கொண்டு வந்தால் திட்டாதீர்கள்.