பழைய 800-க்குள் மழைத்தண்ணி: இதுவரை பார்த்த வேலை

வண்டி 1997 மாடல் மாருதி 800. ஏசி கிடையாது. ஐப்பசி மழை ஒரு ராத்திரி விடாமல் பெய்தால் போதும், இடதுபக்க முன்சீட்டுக் காலடி சொதசொதவென்று ஆகிவிடும். பின்சீட்டுக் காலடியிலும் ஓரமாக ஈரம். ஓட்டுகிற பக்கம் மட்டும் எப்போதும் காய்ந்திருக்கும். மேட்டை வெயிலில் போட்டு எடுத்தாலும் கண்ணாடியை ஏற்றி உட்கார்ந்தால் ஊறப்போட்டு மறந்த துணி மாதிரி ஒரு வாடை.

என்ன தண்ணி என்பதை முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டும். ஏசி வண்டியில் கோடையிலும் இடது காலடி நனையும். அது ஏசிப் பெட்டியின் வடிகுழாய் அடைத்துக்கொண்டதால் வருவது. ஹீட்டர் உள்ள வண்டியில் கூலண்ட் கசியலாம். விரலுக்கு வழவழக்கும், இனிப்பு வாடை அடிக்கும், உள்கண்ணாடியில் பிசுக்குப் படியும். என் வண்டியில் ரெண்டும் இல்லை, மழைக்கு மட்டும்தான் நனைகிறது.

நம்ம திருநெல்வேலியில் இன்னொன்றையும் பார்க்கவேண்டும். 2023 டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டித் தீர்த்தபோது தாமிரபரணி கரையேறி ஜங்ஷன் பக்கத் தெருக்களுக்குள் வந்தது. அந்த வெள்ளத்தில் நின்ற வண்டியா என்று தெரிய, சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்து அடிப்பகுதியைப் பாருங்கள். சீட் தண்டவாளத்தின் இடுக்கில் விரலை விட்டுப் பாருங்கள். வண்டல் ஒட்டினால் அது வேறு கதை, ரப்பர் மாற்றித் தீராது. எங்கள் பாளையங்கோட்டைத் தெருவில் தண்ணி ஏறவில்லை, அதனால் என் வண்டி தப்பித்தது.

முன்சீட்டுகளைக் கழற்றி, கார்ப்பெட்டை உருவி, அதன் அடியில் இருந்த சணல் மெத்தையைத் தூக்கினேன். பிழிந்தால் பழுப்புத் தண்ணி ஓடியது. மேலே எத்தனை துடைத்தாலும் வாடை போகாததற்கு இதுதான் காரணம். தகடு நல்லவேளையாக மேல்துரு மட்டும். மெத்தை மொட்டைமாடிக்குப் போனது.

அடுத்தது ஓஸ் பைப். நான் கூரையில் தண்ணி விடப் போனதைப் பார்த்து, பக்கத்து வீட்டு அண்ணாச்சி திண்ணையிலிருந்தே சத்தம் போட்டார். அவர் பெயிண்டராக இருந்து ஓய்ந்தவர்.

“என்ன தம்பி, மேல இருந்து ஊத்துனா எல்லா ஓட்டையும் ஒண்ணா ஒழுவும். பொறவு எது எதுன்னு எப்பிடிவே கண்டுபிடிப்பீரு? கீழ இருந்து ஏத்தும்.”

அவர் சொன்ன முறைதான் முறை. பைப்பை அழுத்திப் பிடிக்காமல் சும்மா வழியவிட்டு, முதலில் கதவின் அடிப்பகுதி, அப்புறம் கதவுக் கண்ணாடி, அப்புறம் வைப்பர் பகுதி, அப்புறம் முன்கண்ணாடியின் கீழ்விளிம்பு, மேல்விளிம்பு என்று ஏறவேண்டும். ஒவ்வொரு இடத்திலும் பொறுமையாக நின்று, உள்ளே ஒருவர் டார்ச்சோடு உட்கார்ந்து பார்க்கவேண்டும். என் தங்கச்சி மகனைப் பரோட்டாவுக்கு விலைபேசி உட்காரவைத்தேன். டாஷ்போர்டுக்கு அடியில் தகடு முழுக்க முகப்பவுடரைத் தூவி வைத்தோம். தண்ணி எந்த வழியாக வந்தாலும் பவுடரில் கோடு விழும்.

வைப்பர் பகுதிக்கு வந்ததும் முதல் பிடி கிடைத்தது. முன்கண்ணாடிக்குக் கீழே மழைத்தண்ணி இறங்கும் தகட்டுத் தொட்டியில் வேப்பிலைக் காம்பும் பூவும் மக்கி மண்ணாகவே ஆகியிருந்தது. வடிகால் அடைத்துத் தொட்டி நிறைந்தால், காற்று உள்ளே வரும் வழியாகத் தண்ணியும் வருகிறது. வளைந்த கம்பி, பழைய டூத்பிரஷ், பிறகு ஓஸ். முன்சக்கரத்துக்குப் பின்னால் தண்ணி தாராளமாக விழுந்ததும் விட்டேன். வண்டியை வேம்படியில் நிறுத்துகிறவர்கள் வருஷம் ஒருமுறை மழைக்கு முன்னால் இதைச் செய்தே ஆகவேண்டும்.

ஆனாலும் கண்ணாடியின் கீழ் இடது மூலையில் பைப்பை வைத்ததும் “மாமா, கோடு!” என்று உள்ளே சத்தம். ஒயர் கட்டின் முதுகில் ஒரு சொட்டு ஊர்ந்து வந்து, நடுவில் தொங்கி, பவுடரை மெல்லிய கோடாகக் கிழித்துக்கொண்டு இறங்கியது. நனைந்த இடத்துக்கும் நுழைந்த இடத்துக்கும் ஒரு முழத்துக்கு மேல் தூரம்.

அந்த மூலையில் முன்பு வைத்திருந்தவர் யாரோ சிலிக்கான் அப்பியிருந்தார்கள். எனக்கு இந்தச் சிலிக்கான் ட்யூபைக் கண்டாலே ஆகாது. வினிகர் வாடை அடிக்கும் வகை ஆறும்போது அமிலத்தை விடும், தகட்டில் துருவை வளர்க்கும். அது ஒட்டிய இடத்தில் பெயிண்டும் பிடிக்காது. ஒழுகலை மூடிவிட்டதாகத் தெரியும், அடியில் தகடு போய்க்கொண்டே இருக்கும். கண்ணாடிக் கடைத் தம்பி வந்து பழைய ரப்பரைப் பிளேடால் அறுத்துக் கண்ணாடியை எடுத்தபோது மூலையில் ஊசித்துளைகள் இருந்தன. தகட்டு வேலை பார்க்கும் டிங்கர் வெல்டிங்கில் பொட்டு வைத்து அடைத்தார், தேய்த்து எபாக்சி பிரைமர் அடித்தோம், அதற்குமேல் பெயிண்ட்.

இந்த மாடல் 2014 ஜனவரியோடு நின்றுபோனாலும் கண்ணாடியைச் சுற்றிப் பிடிக்கும் பீடிங் ரப்பர் வெளித்தயாரிப்பில் கிடைக்கிறது. மடக்கி விட்டால் உடனே நிமிரவேண்டும், மடிப்பில் வெள்ளைக் கோடு விழுந்தால் வாங்காதீர்கள். புது ரப்பரைக் கண்ணாடியில் மாட்டி, அதன் உள்பள்ளத்தில் நைலான் கயிற்றைச் சுற்றி, சோப்புத் தண்ணி தடவி, சட்டத்தில் வைத்தார் தம்பி. வெளியே அவர் உள்ளங்கையால் தட்டித் தட்டி அழுத்த, உள்ளே நான் கயிற்றை இழுக்க, ரப்பரின் உதடு தகட்டு விளிம்பைத் தாண்டி ‘பளக் பளக்’ என்று உட்கார்ந்துகொண்டே வந்தது. ரப்பர் இடுக்கில் பியூட்டைல் சீலன்ட் மட்டும். அது காய்ந்து இறுகாமல் பிசினாகவே இருக்கும்.

பின்சீட்டு ஈரத்துக்குக் காரணம் இடது முன்கதவு. கதவுக் கண்ணாடி ஓரமாகத் தண்ணி கதவுக்குள் இறங்குவது இயல்பு, அடியில் இருக்கும் துளைகள் வழியாக அது வெளியே போய்விடும். உட்பக்க அட்டைக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாள்தான் அதை உள்ளே விடாமல் காக்கிறது. ஸ்பீக்கர் மாட்டிய புண்ணியவான் அந்தத் தாளை வட்டமாக அறுத்து எறிந்திருக்கிறார். அடித்துளைகளும் மண்ணால் அடைத்திருந்தன. துளைகளைக் குத்தித் திறந்து, தடித்த பாலித்தீன் தாளை வெட்டி, பியூட்டைல் டேப்பால் சுற்றிலும் ஒட்டி, கீழ்நுனியைக் கதவுக்குள் சொருகிவிட்டேன். ஸ்பீக்கருக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் குடை.

கதவு ரப்பர்களுக்குப் பத்து ரூபாய் நோட்டு போதும். இடையில் வைத்துக் கதவைச் சாத்தி இழுக்கும்போது இறுக்கமாக வந்தால் ரப்பர் நல்லது. நாலு கதவும் தேறிவிட்டன. ஓஸ் வைத்து மறுபடி பார்த்ததில் பவுடர் அப்படியே இருந்தது, அதற்குப் பிறகுதான் மெத்தையைத் திரும்பப் போட்டேன்.

டிக்கிக் கதவில் வலது கீழ்ப்பக்கம் நோட்டு சும்மா உருவிக்கொண்டு வருகிறது. பூட்டுக் கொக்கியைக் கொஞ்சம் உள்ளே தள்ளிப் பார்க்கவேண்டும். பின்விளக்குக்கு அடியில் வைக்கும் காஸ்கெட்டும் வாங்கி வைத்தாயிற்று, அடுத்த ஞாயிறு அந்த வேலை.