கொரட்டூரில் கிரேஃபிஷ்: குஞ்சு பொரிப்பது அது, மூடி போடுவது நான்

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவனுக்குப் பைப்பும் வால்வும் இல்லாமல் பொழுது போகாது. அப்படித்தான் கொரட்டூர் வீட்டுக்குப் பின்னால் அக்வாபோனிக்ஸ் வந்தது. மேலே ஒரு ஐ.பி.சி டேங்க் (இரும்புக் கூண்டுக்குள் வரும் பெரிய பிளாஸ்டிக் தொட்டி), அதில் கோய் கெண்டை. மீன் கழிவோடு வழியும் தண்ணீர் ஜல்லி நிரப்பிய செடித் தொட்டிகளுக்குப் போகும். ஜல்லியில் குடியிருக்கும் பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும். அதைப் பொன்னாங்கண்ணியும் புதினாவும் உறிஞ்சிக்கொள்ளும். தெளிந்த தண்ணீர் கடைசியில் தரைக்குள் இருக்கும் சம்ப்பில் விழ, சின்ன மோட்டார் ஒன்று அதை மறுபடி மேலே ஏற்றும். இதுவரை பல வீடுகளில் பார்க்கலாம். என் வீட்டில் அந்தச் சம்ப்புக்குள்தான் விஷயம். அங்கேதான் கிரேஃபிஷ் இருக்கிறது.

கொளத்தூர் மீன் கடைகளில் இதை லாப்ஸ்டர் என்றுதான் விற்கிறார்கள். காசிமேட்டில் வரும் சிங்கி இறாலுக்கும் இதற்கும் தூரத்துச் சொந்தம். இது முழுக்க முழுக்க நல்ல தண்ணீர்ப் பிராணி. நான் வளர்ப்பது ரெட் கிளா, அறிவியல் பெயர் செராக்ஸ் குவாட்ரிகரினேட்டஸ். சொந்த ஊர் வட ஆஸ்திரேலியாவும் பப்புவா நியூ கினியாவும். 23 டிகிரியிலிருந்து 31 டிகிரி வரை அதற்குச் சுகம். நம்ம ஊர் தண்ணீர் வருஷத்தில் பெரும்பகுதி அந்தக் கணக்குக்குள்தான் இருக்கிறது.

“இறால் விடலாமே, எதுக்கு சார் இது?” என்று கேட்பவர்கள் உண்டு. நம்ம நன்னீர் இறால், அதுதான் ஸ்கேம்பி, முட்டை பொரித்ததும் வரும் இளம்புழு உப்புக் கலந்த தண்ணீரில்தான் பிழைக்கும். ஹேச்சரியில் லிட்டருக்கு 12 முதல் 15 கிராம் உப்பு வைத்து வளர்க்கிறார்கள். ஆற்றில் இருக்கும் தாய் முட்டையோடு கழிமுகம் வரை போவது அதற்காகத்தான். வீட்டுக்குப் பின்னால் கழிமுகத்துக்கு எங்கே போவது? கிரேஃபிஷுக்கு அந்தத் தொல்லையே இல்லை. புழுப் பருவம் முழுவதும் முட்டைக்குள்ளேயே முடிந்துவிடும். வெளியே வரும்போதே கொடுக்கும் காலுமாக, தாயின் சின்ன அச்சாக வரும்.

ஆண் பெண் பார்ப்பது சுலபம். திருப்பிப் பிடித்துப் பார்த்தால், பெண்ணுக்கு மூன்றாவது ஜோடி நடைகாலின் அடியில் துளை இருக்கும். ஆணுக்குக் கடைசி ஜோடியின் அடியில். வளர்ந்த ஆணின் கொடுக்கு வெளி ஓரத்தில் சிவப்பாக, கொஞ்சம் மெத்தென்று ஒரு திட்டு தெரியும். ரெட் கிளா என்ற பெயரே அதனால்தான். ஒரு ஆணுக்கு மூன்று நான்கு பெண் என்று விட்டால் போதும். அதற்குமேல் ஆண் இருந்தால் நமக்கு வேலை, அதற்குச் சண்டை.

இணை சேர்ந்ததும் ஆண் ஒட்டிவிட்டுப் போன வெள்ளைத் திட்டு ஒன்று பெண்ணின் கால்களுக்கு நடுவே தெரியும். அடுத்து வாலை உள்ளே மடக்கிக்கொண்டு பைப்புக்குள் போய் உட்கார்ந்துவிடும். அப்போது தொந்தரவு செய்யக் கூடாது. பயந்தால் முட்டையை உதறிவிடும். முட்டை முதலில் பாசிப் பச்சை, அப்புறம் பழுப்பு, கடைசியில் ஆரஞ்சு கலந்த சிவப்பு. சிவப்பு வரும்போது ஒவ்வொரு முட்டையிலும் இரண்டு கறுப்புக் கண் தெரியும். செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால், வாலுக்கு அடியில் இருக்கும் நீச்சல் கால்களால் தாய் அந்தக் கொத்தை முன்னும் பின்னும் விசிறிக்கொண்டே இருப்பது தெரியும். ராத்திரி ஒரு மணிக்குப் பார்த்தாலும் விசிறல் நிற்காது. நடுநடுவே சின்னக் காலை உள்ளே விட்டுக் கெட்டுப்போன முட்டையைக் கிள்ளி எடுத்துப் போடும். பொரிந்த குஞ்சு உடனே இறங்காது. இன்னும் கொஞ்ச நாள் தாயின் வாலிலேயே தொங்கும். முட்டை விட்டதிலிருந்து குஞ்சு தனியாக நடக்க, தண்ணீர்ச் சூட்டைப் பொறுத்து ஆறு வாரமும் ஆகலாம், பத்து வாரமும் ஆகலாம். நல்ல அளவுள்ள தாய் ஒரு தடவைக்கு 300 முதல் 800 வரை முட்டை சுமக்கும்.

இவ்வளவையும் அதுவே பார்த்துக்கொள்ளும். தீனிகூடப் பெரிய செலவில்லை. தெருவில் உதிரும் வாதாமரத்துச் சருகைக் கழுவிப் போட்டால் இரண்டே ராத்திரியில் நரம்பு மட்டும் மிஞ்சும். முருங்கைக் கீரைக் காம்பு, வேகவைத்த கேரட், அடியில் மூழ்கும் மீன் தீவனம் கொஞ்சம். இவை போதும். நம் வேலை ஒளிய இடம் கொடுப்பதும், வெளியே விடாமல் பார்த்துக்கொள்வதும்தான். அந்த இரண்டுதான் எனக்கு ரிட்டயர்மென்ட் வேலையாகவே ஆகிவிட்டது.

ஒளிய இடம் ஏன் என்றால், சட்டை உரிக்கும் நேரம். ஓடு வளராது, உடம்பு வளர வேண்டுமென்றால் பழையதைக் கழற்றித்தான் ஆக வேண்டும். தலை ஓடும் வாலும் சேரும் இடத்தில் முதுகு பிளக்கும். அதன் வழியே உடம்பு பின்பக்கமாக வளைந்து நழுவி, மீசை, கொடுக்கு, கால் எல்லாவற்றையும் உறையிலிருந்து உருவிக்கொண்டு வெளியே வந்துவிடும். விட்டுப் போன ஓடு முழு உருவமாக, கண் மூடியோடு, அப்படியே உட்கார்ந்திருக்கும். “என்னங்க, உங்க ஆளு செத்துப் போச்சு” என்று வீட்டுக்காரம்மா கூப்பிடுவது பெரும்பாலும் இந்த ஓட்டைப் பார்த்துத்தான். உரித்தவன் பக்கத்துப் பைப்புக்குள் கொழகொழவென்று கிடப்பான். அந்த நேரத்தில் கூடப் பிறந்தவன் கையில் மாட்டினால் முடிந்தது. உரிப்பதற்கு முன்னாலேயே பழைய ஓட்டின் சுண்ணாம்பில் கொஞ்சத்தை வயிற்றுச் சுவரில் இரண்டு வெள்ளைக் கற்களாகச் சேர்த்து வைத்துக்கொள்ளும்; உரித்த பிறகு அதைக் கரைத்துப் புது ஓட்டைக் கெட்டியாக்கத் தொடங்கும். பழைய ஓட்டையும் தின்றுவிடும், அதனால் அதை எடுத்துப் போடக் கூடாது. மேற்கொண்டு சுண்ணாம்புக்கு நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கடல் நுரை ஒரு துண்டு போடுவேன். கணவாயின் ஓடுதான் அது.

பெரியவற்றுக்கு இரண்டு இஞ்ச் பி.வி.சி பைப் வெட்டல்கள். ஒரு ஆளுக்கு ஒரு பைப்புக்கு மேலேயே இருக்க வேண்டும். குஞ்சுகளுக்குக் கோயம்பேட்டு வெங்காய மூட்டை வலை. நாலைந்து வலையை ஒன்றாகச் சேர்த்து நடுவில் கட்டித் தொங்கவிட்டால், மடிப்புக்கு ஒன்றாக ஒண்டிக்கொள்ளும். ஆஸ்திரேலியப் பண்ணைகளிலும் இதே மாதிரி வலைக் கட்டுகளைத்தான் போடுகிறார்கள். பிடிப்பதும் அதிலேயே ஆகிவிடும். கட்டை அப்படியே தூக்கிப் பக்கெட்டில் உதறினால் குஞ்சுகள் விழுந்துவிடும்.

சம்ப் என்று சொன்னேனே, அது நாலடி விட்டத்தில் இரண்டு கிணற்று உறை. அடியில் காங்கிரீட் போட்டு, முக்கால்வாசி மண்ணுக்குள் இறக்கியது. சித்திரை வெயிலில் பிளாஸ்டிக் டிரம் தண்ணீர் சுடும். மண்ணுக்குள் இருக்கும் உறைத் தண்ணீர் அவ்வளவு ஏறாது. மேலே பச்சை ஷேட் நெட். 35 டிகிரியைத் தொட்டால் இவை தாங்காது. அதனால் அக்னி நட்சத்திரத்தில் தெர்மாமீட்டரைப் பார்க்காமல் நான் தூங்கப் போவதில்லை. புது சிமென்ட் உறை தண்ணீரைக் காரமாக்கிவிடும். வாழைத் தண்டை வெட்டிப் போட்டு ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி இறைத்த பிறகுதான் உயிர் எதையும் விட வேண்டும். கொத்தனார் எல்லோருக்கும் தெரிந்த வித்தைதான்.

தண்ணீர் விஷயத்தில் ஊரே திட்டும் போர் தண்ணீர் இங்கே உதவிக்கு வருகிறது. கடினத் தண்ணீரில் ஓட்டுக்கு வேண்டிய கால்சியம் இருக்கிறது. அதில் இருக்கும் குளோரைடு, நைட்ரைட்டின் விஷத்தையும் மட்டுப்படுத்துகிறது. மெட்ரோ வாட்டர் என்றால் ஒரு நாள் ஏர் விட்டுக் குளோரின் போன பிறகுதான் ஊற்றுவேன். உண்மையான எமன் பூச்சி மருந்து. பூச்சியும் கிரேஃபிஷும் கணுக்காலி வம்சம். கொசுவைக் கொல்வது இதையும் கொல்லும். தெருவில் கொசுப் புகை வண்டிச் சத்தம் கேட்டதும் தார்ப்பாயை எடுத்துக்கொண்டு ஓடுவதைப் பார்த்து எதிர்வீட்டுப் பிள்ளைகள் சிரிக்கும். செடியில் அசுவினி வந்தாலும் விரலால் நசுக்குவதோடு சரி. மயில்துத்தம் கலந்த எதையும் அந்தப் பக்கம் கொண்டுபோகவே மாட்டேன். தாமிரம் கொஞ்சம் கரைந்தாலும் போதும், மொத்தமும் போய்விடும்.

சரி, மூடிக்கு வருகிறேன்.

ரெட் கிளாவுக்கு ஒரு குணம், ஓடி வரும் தண்ணீருக்கு எதிராக நடக்கும். குயின்ஸ்லாந்துப் பண்ணைகளில் அறுவடையே இதை வைத்துத்தான். குளத்தை வடியவிட்டு, ஒரு சாய்தளத்தின் வழியாகப் புதுத் தண்ணீரை விட்டால், அத்தனையும் தானே ஏறி வந்து பெட்டிக்குள் விழும். என் உறையிலும் ஜல்லித் தொட்டித் தண்ணீர் விழும் மூலையில்தான் ராத்திரியில் கூட்டம். இப்போது இதை ஐப்பசி மழையோடு சேர்த்து யோசித்துப் பாருங்கள். எங்கள் பக்கம் அம்பத்தூர் ஏரி நிறைந்தால் தண்ணீர் கொரட்டூர் ஏரிக்கு வரும். பெருமழையில் தெருவில் முழங்கால் அளவு ஓடும். அந்த ஓட்டத்தை எதிர்த்து ஒரு சினைப் பெண் நடந்தால் எங்கே போய் நிற்கும்?

இந்தியாவில் பூர்வீகக் கிரேஃபிஷ் ஒன்றுகூடக் கிடையாது. அதனால் நம் ஏரியில் இருக்கும் நத்தை, நண்டு, இறால் எதற்கும் இது பழக்கமில்லாத எதிரி. ரெட் கிளா சிங்கப்பூர் நீர்த்தேக்கங்களிலும் ஜாம்பியாவின் ஆறுகளிலும் ஏற்கெனவே குடியேறிவிட்டது. அமெரிக்கச் சிவப்புக் கிரேஃபிஷை 1970-களில் ஸ்பெயினுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். அது நெல் வயல் வரப்பையே குடைந்து தள்ளியது. நமக்கு ஸ்பெயின் வரை போக வேண்டியதில்லை. ஜிலேபி மீன் 1952-ல் இலங்கை வழியாக வந்தது. இன்று அது இல்லாத ஏரி எது? ஆப்பிரிக்கக் கெளுத்திக்கு 2000-ல் தடை போட்டார்கள், அது வலையில் வருவது நின்றபாடில்லை. எண்ணூர் கழிமுகத்தில் காக்கா ஆழி என்ற வெளிநாட்டு மட்டி படர்ந்து இறால் பிடிப்பவர்களின் பிழைப்பில் மண் விழுந்ததை நாமே பார்த்தோம்.

இதில் ரொம்ப மோசமானது மார்பிள் கிரேஃபிஷ். 1990-களில் ஜெர்மனியில் மீன் தொட்டி வளர்ப்பவர்களிடம் தலைகாட்டியது. எல்லாமே பெண், ஆண் துணையே வேண்டாம், தன்னைப் போலவே நகலெடுத்துக் குஞ்சு பொரிக்கும். 2003-ல் ஆராய்ச்சியாளர்கள் இதை உறுதிசெய்து எழுதினார்கள். அதற்குள் பல பேர் கைமாறியிருந்தது. மடகாஸ்கரில் நெல் வயல் வரை பரவிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2016-ல் வளர்ப்பதற்கும் விற்பதற்கும் தடை போட்டது. யாராவது “ஒண்ணு வாங்கினா போதும் சார், ஜோடியே வேணாம்” என்று விற்றால் வாங்காமல் வந்துவிடுங்கள். அந்தக் கடைக்காரத் தம்பிக்கு அது லாபம், நமக்கு வம்பு.

அதனால் என் உறைக்குப் பல காவல். விளிம்பைச் சுற்றி உள்பக்கமாக வழவழப்பான ஃபிளெக்ஸ் பேனர் பட்டை. தேர்தல் முடிந்ததும் இறக்கிப் போட்டது. எந்தக் கட்சி என்று சொல்ல மாட்டேன், கால் வழுக்குகிறது, அது போதும். அதற்குமேல் இரும்புச் சட்டத்தில் வலை அடித்த மூடி, நாலு பக்கமும் நட்டு போல்ட். ஏர் டியூபும் மோட்டார் வயரும் மூடி வழியே நுழையும் ஓட்டையில் ரப்பர் வாஷர். அந்த டியூபையும் வயரையும் பிடித்துத்தான் ஏறும், கயிறு ஏறுவதில் கெட்டிக்காரப் பயல்கள். மோட்டார் உறிஞ்சும் வாயில் நைலான் துணி உறை. அதிகப்படித் தண்ணீர் சாக்கடைக்குப் போகாது. மெல்லிய வலை வழியாக வாழைப் பாத்திக்குப் போகும்.

இதெல்லாம் சாதாரண நாளுக்கு. தெருவெள்ளத்துக்கு மூடியை மட்டும் நம்ப முடியாது. அதனால் குஞ்சு எடுப்பதே மாசி முதல் பங்குனி வரை ஒரு ஈடு, ஆடி ஆவணியில் ஒரு ஈடு, அவ்வளவுதான். புரட்டாசி முடிவதற்குள் உறை காலி. தாய்களும் ஒரு ஆணும் மொட்டை மாடியில் இருக்கும் தொட்டிக்கு ஏறிவிடும். பொங்கல் கழிந்துதான் இறங்கும். மிச்சம் ஃப்ரீஸருக்கு, அங்கிருந்து சட்டிக்கு. மொத்த எடையில் வால் சதை மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாது, அதனால் இதை வைத்துச் சம்பாதிக்கலாம் என்று யூடியூபில் கணக்குப் போட்டுக் காட்டுபவர்களை நான் நம்புவதில்லை. ஆனால் மிளகும் பூண்டும் தட்டிப் போட்டு வறுத்தால் பேரன் வேறு எதையும் கேட்பதில்லை.

ஜோடி கேட்டு வருபவர்களும் இருக்கிறார்கள். சினைப் பெண்ணை யாருக்கும் கொடுப்பதில்லை. ஆண் மட்டும்தான், வீட்டுக்கு ஒன்று, அதுவும் மூடி இருக்கிற தொட்டியின் போட்டோவை வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிறகு. போன வாரம் பாடியிலிருந்து ஒரு தம்பி வந்தார். “அங்கிள், ஒண்ணே ஒண்ணு பொண்ணு குடுங்க” என்று கெஞ்சினார். வேண்டுமானால் புதினா நாற்று தருகிறேன் என்றேன். இரண்டையும் வாங்கிக்கொண்டுதான் போனார். ஆண் ஒன்று, புதினா ஒரு கட்டு.