வடிகாலைச் சுத்தம் செய்யக் காசில்லை

போக்குவரத்துப் பாதுகாப்பு என்று பேச்செடுத்தாலே விமான நிலையச் சோதனைதான் எல்லாருக்கும் ஞாபகம் வருகிறது. பாலங்களை ஆய்வு செய்து பிழைக்கிற எனக்கு ஞாபகம் வருவது, அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் இருந்த ஃபெர்ன் ஹாலோ பாலம்.

2022 ஜனவரி 28 அதிகாலையில் அது இடிந்து பள்ளத்தில் விழுந்தது. ஒரு பேருந்தும் சில கார்களும் கூடவே போயின. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. உள்கட்டமைப்பு நிதியைப் பற்றிப் பேச அப்போதைய அதிபர் பைடன் அந்த ஊருக்கு வருவதாக இருந்த அதே நாள்.

ஏன் விழுந்தது? பெயின்ட் அடிக்கத் தேவையில்லாத ஒருவகை எஃகில் கட்டிய பாலம் அது. மேலே படிகிற மெல்லிய துருவே அதற்குக் கவசம். ஆனால் நனைந்த எஃகு நன்றாகக் காய வேண்டும், இல்லாவிட்டால் அந்தக் கவசம் பிடிக்காது. அங்கே வடிகாலில் சருகும் மண்ணும் அடைத்துக்கொண்டன. பனிக்காகத் தூவிய உப்போடு சாலைத் தண்ணீர் பாலத்தின் கால்களில் இறங்கித் தேங்கியது. எஃகு அரித்து அரித்து ஓட்டை விழுந்தது. சுத்தம் செய்யுங்கள், பழுது பாருங்கள் என்று ஆய்வறிக்கைகள் வருடக்கணக்காகச் சொல்லியும் நகர நிர்வாகம் அதைச் செய்யவில்லை. விசாரணையில் வந்த முடிவும் இதுதான்.

மண்வெட்டியும் தண்ணீர்க் குழாயும் இருந்தால் முடிகிற வேலை! என்னால் இதை ஜீரணிக்கவே முடியவில்லை.

நிதி ஒதுக்கும் முறையிலேயே கோளாறு இருக்கிறது. அங்கே வடிகால் சுத்தம் செய்வது போன்ற அன்றாடப் பராமரிப்புக்குப் பொதுவாக மத்திய அரசின் நெடுஞ்சாலை நிதி கிடைக்காது. உள்ளூர் நிர்வாகம்தான் தன் கையிலிருந்து போட வேண்டும். ஆனால் பாலம் விழுந்த பிறகு புதுப் பாலத்துக்குச் சுமார் 2.5 கோடி டாலர் மத்திய நிதி வந்தது, அந்த வருடமே திறந்தும் விட்டார்கள். இன்னொன்று, அந்த நெடுஞ்சாலை நிதிக்கு முக்கிய வருமானமான பெட்ரோல் வரி 1993 முதல் கேலனுக்கு 18.4 சென்ட்டிலேயே நிற்கிறது. விலைவாசி எங்கேயோ போய்விட்டது. பற்றாக்குறைக்கு 2008 முதல் பொதுக் கருவூலத்திலிருந்து எடுத்துப் போடுகிறார்கள்.

2021இல் 1.2 லட்சம் கோடி டாலருக்கு உள்கட்டமைப்புச் சட்டம் போட்டார்கள், சரி, நல்லதுதான். ஆனால் புதிதாகக் கட்டும் ஒவ்வொரு பாலத்துக்கும் அதன் ஆயுள் முழுக்க ஆகும் பராமரிப்புப் பணத்தையும் சேர்த்தே ஒதுக்க வேண்டும், அதை வேறு எதற்கும் திருப்ப முடியாதபடி. ஆய்வாளர் ஒரு வேலையைச் செய்யச் சொன்னால், யார் செய்வது, எந்தத் தேதிக்குள், எந்தக் கணக்கிலிருந்து பணம் என்பதை அதே அறிக்கையின் கீழே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.