எங்கட சித்திர சேர்

சித்திர சேர் போன வெள்ளிக்கிழமை ஓய்வு பெற்றுவிட்டார். பரீட்சை நெருங்கினால் அவருடைய பாடவேளையைத்தான் கணக்குக்குத் தூக்கிக் கொடுப்பார்கள், அவரும் ஒன்றும் பேசாமல் வேப்பமரத்தடியில் போய் இருந்து வரைவார். உண்மையில் நான் வரையப் பழகியது வகுப்பில் இல்லை, மட்டக்களப்பு வாவிக்கு மேலாக 1924இல் திறந்த கல்லடிப் பழைய பாலத்தில், விடிய ஐந்தரைக்கு. வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் நீர்வர்ணம் தாளில் பட்ட உடனேயே காய்ந்து கோடு கோடாய் நிற்கும். அதற்குச் சேர் வர்ணத்தில் ஒரு சொட்டுத் தேன் விடுவார், தேன் ஈரத்தைப் பிடித்து வைக்குமாம், அப்புறம் படத்தில் எறும்பு மொய்த்தது வேறு கதை.

"வாவி எப்ப மனே நீலமா இருந்தது? வடிவாப் பாரு."

பார்த்தால் சாம்பல், பாசிப்பச்சை, பாலத்தின் இரும்பு நிழல் விழுகிற இடத்தில் ஊதா.

அவர் வரைந்ததில் பாதி 2004 சுனாமியோடு போனது. பிறகு கனகாலம் கடலை வரையவில்லை, வாவிதான். கண்காட்சி ஒன்றே ஒன்று வைத்தார், விற்றது இரண்டு படம், அதில் ஒன்றை வாங்கியதும் அவர் மச்சான்தான்.

நேற்று வீட்டுக்குப் போனேன். பென்ஷன் கடிதம் இன்னும் வரவில்லையாம். என்னைக் கண்டதும் முதலில் கேட்டது, பிரஷ்ஷை ஒழுங்காகக் கழுவி வைக்கிறாயா என்றுதான்.