வாழைக் குருத்துக்குள் ஒரு வௌவால்

ஆப்பிரிக்காவின் வாழை வௌவாலைப் பற்றிப் படித்ததிலிருந்து மனசு அதிலேயே நிற்கிறது. எடை மூன்று, நான்கு கிராம்தான். பகலில் இன்னும் விரியாத வாழைக் குருத்தின் குழலுக்குள் புகுந்து தூங்கும், அந்த வழுவழுப்பில் சறுக்கிவிடாமல் இருக்க கட்டைவிரல் அடியிலும் பாதத்திலும் சின்னச் சின்ன மெத்தைகள்! குருத்து ஓரிரு நாளில் விரிந்துவிடும், அப்புறம் அடுத்த குருத்தைத் தேட வேண்டியதுதான்.

இதன் அறிவியல் பெயரின் முதல் பகுதி, அதாவது பேரினப் பெயர், மாறிக்கொண்டே வந்திருக்கிறது: 1852இல் ஜெர்மன் விலங்கியலாளர் பீட்டர்ஸ் மொசாம்பிக்கிலிருந்து விவரித்தபோது வெஸ்பெர்டிலியோ, பிறகு பிப்பிஸ்ட்ரெல்லஸ், அதன்பின் நியோரோமிசியா, 2020இல் மரபணுவையும் பார்த்து ஆஃப்ரோனிக்டெரிஸ். குள்ளம் என்று பொருள்படும் இரண்டாம் பகுதி 'நானா' மட்டும் கூடவே வருகிறது. இப்படிப் பேரை மாற்றுகிறார்களே என்று சலித்துக்கொள்பவர்கள் உண்டு, எனக்கு அது நேர்மையாகத்தான் படுகிறது.

சஹாராவுக்குத் தெற்கே மேற்கு ஆப்பிரிக்கா முதல் தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கரை வரை இருக்கிறது, வறண்ட தென்மேற்கில் மட்டும் கிடையாது.