அம்மாவோடு ஏற்காட்டுக்கு: கேம்பர் வேன் ஏற்பாட்டுக் குறிப்புகள்

செப்டம்பர் 6, சனி

முழங்கால் வலி வந்த நாளிலிருந்து அம்மா வெளியூர்ப் பயணம் என்றாலே மறுத்துவிடுகிறார். குத்தவைத்து உட்காரும் கழிப்பறை மட்டுமே உள்ள இடத்தில் வண்டி நின்றால் என்ன செய்வது என்ற அச்சம்தான் காரணம். ஆகவே, கழிப்பறையும் படுக்கையும் உள்ளேயே அமைந்த கேம்பர் வேன் ஒன்றை வாடகைக்கு எடுத்து, ஐப்பசிக் குளிரில் அவரை ஊட்டிக்கு அழைத்துச் செல்ல முடிவுசெய்தேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

ஊட்டியைக் கைவிட்டேன். 2024 மே முதல் நடைமுறையில் உள்ள இ-பாஸ் ஒரு தடையே அல்ல; மழைதான் தடை. வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்கும். அதை நேராக வாங்குபவை குன்னூர், கோத்தகிரிப் பக்கத்துக் கிழக்குச் சரிவுகள். 2009 நவம்பரில் அங்கு நிகழ்ந்த மண்சரிவுகளில் பலர் உயிரிழந்ததை மறக்க முடியவில்லை. மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக ஏறலாம் என்றால், செங்குத்தான 36 கொண்டை ஊசி வளைவுகள். கனமான வண்டிக்கு அது வேண்டவே வேண்டாம்.

ஏற்காடு போதும். உளுந்தூர்பேட்டை, சேலம் வழியாகச் சென்று, அங்கிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். பெருமழையில் அந்தப் பாதையும் பாதிக்கப்படுவதுண்டு என்பதால் நாளையும் முன்னே நகர்த்தினேன்: ஆயுதபூஜைக் கூட்டம் கலைந்த பிறகு, அக்டோபர் 6, திங்கள். மாலை இடிமழைக்கு முன்பே, நண்பகலுக்குள் மலை ஏறிவிட வேண்டும்.

செப்டம்பர் 21, ஞாயிறு

வேனை நேரில் பார்த்தேன். 12 வோல்ட், 200 ஆம்பியர்-மணி பேட்டரி இருக்கிறது. கணக்குப்படி 2,400 வாட்-மணி, விளக்குக்கும் சிறிய குளிர்பெட்டிக்கும் ஓர் இரவு தாராளமாகப் போதும். தண்ணீர்த் தொட்டி 80 லிட்டர், அதாவது நிரப்பினால் 80 கிலோ கூடுதல் சுமை. ஆகவே கால்வாசி மட்டும் நிரப்பிக்கொண்டு மலையேறி, மீதியை மேலே நிரப்ப எண்ணியிருக்கிறேன். குளிருக்காகக் கரி அடுப்பைப் பூட்டிய வண்டிக்குள் வைப்பவர்கள் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு உண்மையிலேயே பதறினேன்; அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும். எங்களுக்குக் கம்பளி போதும்.

வாசற்படி மட்டும் தரையிலிருந்து 40 சென்டிமீட்டர் உயரம். அம்மாவால் அதை ஒரே எட்டில் ஏற முடியாது.

செப்டம்பர் 28, ஞாயிறு

காட்டு நிலத்தில் அனுமதியின்றி இரவு தங்கக் கூடாது. காப்பித் தோட்டம் ஒன்றின் விருந்தினர் விடுதியில், வண்டி நிறுத்தச் சமதளமும், மின் இணைப்பும், கழிவுப் பெட்டியைக் காலி செய்யச் செப்டிக் தொட்டியும் தருவதாக ஒப்புக்கொண்டார்கள். இறங்கும்போது இரண்டாம் கியரிலேயே வர வேண்டும் என்று ஓட்டுநரிடம் சொல்லிவிட்டேன். பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கினால் அது சூடேறிப் பிடிமானத்தை இழந்துவிடும்.

தச்சரிடம் 20 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு முக்காலி செய்து வாங்கி வந்தேன். அம்மா அதில் மூன்று முறை ஏறி இறங்கிப் பார்த்துவிட்டு, "கையால பிடிச்சுக்க ஏதாவது இருந்தா தனியாவே ஏறிடுவேன்பா" என்றார். வேன்காரரிடம் கைப்பிடி பொருத்தித் தர முடியுமா என்று நாளை கேட்க வேண்டும்.