எல்லோரும் டர்போவைத்தான் சொன்னார்கள்

ஜூன் 3

கட்டி இழுத்துக்கொண்டு வந்து விட்ட கார். நான்கு சிலிண்டர் பெட்ரோல் டர்போ, 16 வால்வு, டைமிங் பெல்ட் போட்ட எஞ்சின். முந்தைய நாள் வரை நன்றாக ஓடியிருக்கிறது. காலையில் சாவியைத் திருப்பியதும் ஒரு குலுக்கு குலுக்கிவிட்டு அடங்கியிருக்கிறது. அப்புறம் பிடிக்கவே இல்லை. "டர்போ போயிடுச்சுன்னு எல்லாரும் சொல்றாங்கண்ணே" என்றார் கார்க்காரர்.

டர்போ என்பது எக்ஸாஸ்ட் புகையின் வேகத்தில் சுற்றி எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி. அது போனால் வண்டி இழுக்காது, நீலப் புகை விடும், ஊளையிடும். ஆனால் பெரும்பாலும் ஸ்டார்ட் ஆகிவிடும். டர்போ சுற்றாவிட்டாலும் எஞ்சின் தானாகவே காற்றை இழுத்துக்கொண்டு மந்தமாக ஓடும். அதனால் அந்தப் பேச்சை ஓரமாக வைத்தேன்.

செல்ஃப் போட்டுக் காது கொடுத்தேன். நல்ல எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை அழுத்தும்போது ஸ்டார்ட்டர் மோட்டார் லேசாகத் திணறும். அந்தத் திணறல் ஒரே சீரான தாளமாகக் கேட்கும். இதில் தாளமே இல்லை. எதிர்ப்பே இல்லாததுபோல விர்ரென்று சுற்றுகிறது. அதோடு சாவியைக் கையில் எடுத்துக்கொண்டேன். இந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகும் செல்ஃப் அடிப்பது இருக்கிற சேதத்தைப் பெரிதாக்கும் வேலை.

ஸ்கேனரில் பி0016. பிஸ்டன்களோடு சுற்றும் கிராங்க் ஷாஃப்ட்டும், வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம். இரண்டையும் இணைத்துச் சுற்ற வைப்பது டைமிங் பெல்ட். சென்சார் கோளாறிலும் இந்தக் கோட் வரும். ஆனால் சத்தத்தையும் கோடையும் சேர்த்துப் பார்த்தால் சென்சார் வாங்க ஓட எனக்கு மனமில்லை.

ஜூன் 4

பெல்ட் மூடியைக் கழற்றியதுமே ஆயில் வாடை. பெல்ட் அறுந்திருக்கவில்லை. ஆனால் முழுக்க நனைந்து, நகத்தால் அழுத்தினால் பல் மெத்தென்று அமுங்குகிறது. பிளக் நான்கையும் கழற்றிவிட்டு, கிராங்க் போல்ட்டில் ராட்செட் மாட்டி, முதல் சிலிண்டரின் மேல் புள்ளிக்கு மெதுவாகக் கொண்டுவந்தேன். (உள்ளே பெட்ரோலோ தண்ணீரோ தேங்கியிருந்தால் பிளக் துளை வழியாக வெளியேறட்டும் என்றுதான் முதலில் பிளக். கை தடங்கினால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும், அழுத்தக் கூடாது.) கிராங்க் குறி சரியாக நிற்கிறது. கேம் குறிகள் இரண்டுமே ஒரே அளவு பிந்தி நிற்கின்றன. ஆக, கிராங்க் பல்சக்கரத்தில்தான் பெல்ட் தாவியிருக்கிறது, மூன்று பல். அந்தச் சக்கரத்தில் 20 பல் இருப்பதால் பல்லுக்கு 18 டிகிரி, மொத்தம் 54 டிகிரி.

எந்தத் திசையில் தாவியது என்பதை வைத்தே எந்த வால்வு அடிவாங்கியிருக்கும் என்று ஓரளவு சொல்லிவிடலாம். எக்ஸாஸ்ட் வால்வு (புகையை வெளியே விடுவது) சாதாரணமாகவே பிஸ்டன் உச்சிக்கு வரும் நேரத்தை ஒட்டித்தான் மூடும். கேம் பிந்தினால், பிஸ்டன் மேலே வரும்போது அது இன்னும் திறந்தே நிற்கும், இடி வாங்கும். இன்டேக் வால்வோ (காற்றை உள்ளே விடுவது) பிந்தும்போது, கீழே போகும் பிஸ்டனைத் துரத்திக்கொண்டு போவதால் பெரும்பாலும் தப்பிக்கும். கேம் முந்தியிருந்தால் கதை தலைகீழ்.

ஜூன் 5

கம்ப்ரஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்று பார்க்கும் நாள். ஆனால் டைமிங் தப்பிய நிலையிலேயே கேஜை மாட்டி, அளவு குறைவாக இருக்கிறது, வால்வு வளைந்துவிட்டது என்று தீர்ப்புச் சொல்பவர்கள் உண்டு. கேம் பிந்தியிருந்தால் இன்டேக் வால்வு நேரம் கழித்து மூடும். இழுத்த காற்றில் ஒரு பங்கு வந்த வழியே திரும்பிப் போய்விடும். வால்வு நல்ல நிலையில் இருந்தாலும் அளவு குறையத்தான் செய்யும். டைமிங்கைச் சரிசெய்த பிறகுதான் அந்த எண்ணுக்கு மதிப்பு.

கிராங்க்கை 90 டிகிரி பின்னால் திருப்பினேன். அப்போது நான்கு பிஸ்டன்களும் பாதி உயரத்தில் நிற்கும், கேமைத் திருப்பினாலும் எதுவும் இடிக்காது. கேம்களைக் குறிக்குக் கொண்டுவந்து, கிராங்க்கையும் குறியில் நிறுத்தி, வேறு பெல்ட் மாட்டி, கையால் இரண்டு முழுச் சுற்று. எங்கும் தடங்கவில்லை. பெட்ரோல் பம்ப் ஃபியூஸையும் பிளக்குக்கு மின்சாரம் தரும் காயில்களின் இணைப்பையும் எடுத்துவிட்டு, பேட்டரியை முழுதாகச் சார்ஜ் ஏற்றி, ஆக்ஸிலரேட்டரை அடிவரை மிதித்தபடி கேஜைப் பார்த்தேன்:

முதலாவது 105 பிஎஸ்ஐ (அழுத்த அளவு), இரண்டாவது 90, மூன்றாவது 0, நான்காவது 40.

இந்த எஞ்சினுக்கு 150 சுற்றி வர வேண்டும். ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்த்தேன். பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் தேய்ந்திருந்தால் ஆயில் இடுக்கை அடைத்து அளவு ஏறும். ஏறவில்லை. ரிங் மேல் பழி இல்லை.

ஜூன் 7

கம்ப்ரசர் காற்றைச் சிலிண்டருக்குள் விட்டு, அது எங்கே கசிகிறது என்று கேட்கும் சோதனை. எனக்கு இதுதான் நம்பிக்கையான சாட்சி. ஸ்கேனர் ஊகம் சொல்லும், கம்ப்ரஷன் கேஜ் அளவு சொல்லும், காற்றுதான் இடத்தைக் காட்டும். பிஸ்டன் கம்ப்ரஷன் உச்சியில் மிகச் சரியாக நிற்க வேண்டும். கொஞ்சம் தள்ளி நின்றாலும் 100 பிஎஸ்ஐ காற்று கிராங்க்கைப் படாரென்று திருப்பிவிடும். போல்ட்டில் ராட்செட்டை மறந்து விட்டவர் கையைக் காப்பாற்றிக்கொள்வது கஷ்டம்.

மூன்றாவது சிலிண்டரில் காற்றை விட்டதும், கசிவைக் காட்டும் இரண்டாவது கேஜ் முள் அப்படியே படுத்துவிட்டது. 90 சதவீதத்துக்கு மேல் கசிவு. த்ராட்டில் பக்கம் ஹோஸைக் கழற்றிக் காது வைத்தேன், அமைதி. ஆயில் மூடியில் லேசான மூச்சு, அது எல்லா எஞ்சினிலும் இருப்பதுதான். ரேடியேட்டரில் குமிழி இல்லை. சைலன்சர் வாயிலும் தெளிவாக ஒன்றும் கேட்கவில்லை. சாதாரணக் காராக இருந்தால் இங்கே குழம்பலாம். டர்போ காரில் எக்ஸாஸ்ட் காற்று டர்பைன் வீல், கேட்டலிடிக் கன்வெர்ட்டர், மஃப்ளர் எல்லாம் தாண்டி வருவதற்குள் சத்தம் செத்துப்போகும். டர்பைனுக்கு முன்னால் இருந்த ஆக்ஸிஜன் சென்சாரைக் கழற்றி, அந்தத் துளையில் ரப்பர் குழாயைச் சொருகி மறுமுனையைக் காதில் வைத்தேன். ஊஸ்ஸ்ஸ்!

மற்ற மூன்றிலும் அதே இடத்தில் அதே சத்தம், அளவில்தான் வித்தியாசம்.

ஜூன் 8

பிளக் துளை வழியாகக் கேமரா விட்டேன். நான்கு பிஸ்டன் தலையிலும் எக்ஸாஸ்ட் பக்கம் பிறை வடிவத் தழும்பு, மூன்றாவதில் ஆழமாக. கரிக்கு நடுவே அலுமினியம் பளிச்சென்று தெரிகிறது. பிஸ்டன் உடையவில்லை, சுவரில் கீறல் இல்லை. டர்பைன் வீலையும் பார்த்துவிட்டேன். வால்வு தலை முறிந்திருந்தால் துண்டுகள் முதலில் அங்கேதான் போய் மோதும். இதழ்கள் முழுசாக இருக்கின்றன, ஷாஃப்ட்டில் முன்பின் ஆட்டம் இல்லை.

ஜூன் 12

வால்வுகள் இருக்கும் மேல்பாகமான ஹெட்டை இறக்கியாயிற்று. எக்ஸாஸ்ட் வால்வுகளைக் கண்ணாடித் தகட்டில் உருட்டினால் தலை நொண்டுகிறது. மூன்றாவது சிலிண்டருடையது வெறும் கண்ணுக்கே தெரிகிறது. முதல் சிலிண்டருடையவை கிட்டத்தட்ட நேராக இருப்பதால் அவற்றை லேப் செய்து (தேய்த்துப் பொருத்தி) போடலாமா என்று கேட்டார் கார்க்காரர். வேண்டாம் என்றேன். ஒருமுறை வளைந்த வால்வின் தண்டு எப்போது முறியும் என்று யாராலும் சொல்ல முடியாது. எட்டையும் மாற்றுவது. ஹெட்டில் மட்டப்பலகையும் ஃபீலர் கேஜும் (இடுக்கை அளக்கும் மெல்லிய தகடு) வைத்தபோது கோணல் இல்லை, வால்வுத் தண்டு நுழையும் கைடுகளும் தப்பியிருக்கின்றன.

பழைய வால்வை வெட்டிப் பஞ்ச் (சுத்தியலால் அடிக்கும் உளி போன்ற கருவி) செய்யத் தரும்படி பட்டறைப் பையன் கேட்டான். டர்போ எஞ்சின்களின் எக்ஸாஸ்ட் வால்வு சிலவற்றில் தண்டு உள்ளே குடைவாக இருக்கும், அதில் சோடியம் இருக்கும். சூட்டில் உருகி ஆடி, தலையின் வெப்பத்தைத் தண்டுக்குக் கடத்துவதற்காக. வெட்டப் போய் அது தண்ணீரில் பட்டால் தீப்பிடிக்கும். தரவில்லை.

ஜூன் 14

பெல்ட்டுக்கு ஆயில் எங்கிருந்து வந்தது? கேம் ஆயில் சீல் பிதுங்கி வெளியே வந்திருக்கிறது. வயதான சீல் என்று விட்டுவிடலாம்தான், ஆனால் பிதுங்க ஒரு அழுத்தம் வேண்டுமே. கிராங்க்கேஸ் (கிராங்க் சுற்றும் எஞ்சின் அடிப்பகுதி) காற்று இன்டேக்குக்குப் போகும் குழாயில் ஒரு ஒருவழி வால்வு உண்டு. டர்போ அழுத்தம் திரும்பி எஞ்சினுக்குள் புகாமல் தடுப்பது அதன் வேலை. கழற்றி வாயால் ஊதினேன். இரண்டு பக்கமும் போகிறது. ஒவ்வொரு முறை ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போதும் பூஸ்ட் காற்று (டர்போ திணிக்கும் காற்று) கிராங்க்கேஸில் புகுந்து சீலை வெளியே தள்ளியிருக்கிறது. ஆயிலில் பெல்ட் ஊறி, பல் மெத்தென்றாகி, குளிர்ந்த எஞ்சின் முதல் இழுப்பில் தாவிவிட்டது.

ஆக டர்போவுக்கும் இதில் பங்கு உண்டு, ஊர் சொன்ன விதத்தில் இல்லை. இந்தச் சின்ன பிளாஸ்டிக் வால்வை மாற்றாமல் ஹெட் வேலை செய்திருந்தால் புது சீலும் அதே வழியில் போயிருக்கும்.

ஜூன் 21

புது ஹெட் போல்ட், நடுவிலிருந்து வெளிப்பக்கமாக வரிசைப்படி முறுக்கு. பெல்ட், டென்ஷனர், தண்ணீர் பம்ப், கேம் சீல்கள், ஒருவழி வால்வு எல்லாம் புதிது. பிளக் போடும் முன்பே ஒரு கம்ப்ரஷன்: 155, 150, 150, 155. காயில் இணைப்பு இல்லாமல் செல்ஃப் அடித்து ஆயில் அழுத்தம் ஏறிய பிறகுதான் உண்மையான ஸ்டார்ட், டர்போ பேரிங் வறண்டு சுற்றக் கூடாது. முதல் திருப்பிலேயே பிடித்தது. வால்வுகளைத் தள்ளும் லிஃப்டர்கள் கொஞ்ச நேரம் கடகடத்துவிட்டு அடங்கின.

சூடேறும் வரை ஓட விட்டு, பெல்ட் மூடியை மறுபடி கழற்றி, சீல் ஓரத்தில் விரலை வைத்துப் பார்த்தேன். காய்ந்திருக்கிறது. ஆயிலையும் ஃபில்டரையும் வழக்கத்தைவிடச் சீக்கிரம் மாற்றச் சொல்லி அனுப்பினேன். ஹெட் வேலையில் கொஞ்சமாவது தூசியும் கூலண்ட்டும் உள்ளே இறங்கியிருக்கும்.